திருக்கை என்று எழுதிய அட்டை

வின்சன்ற் வீட்டுக்குள் கால் வைக்காமல் பதின்மூன்று நாளும் பதினேழு மணித்தியாலமும் ஆகியிருந்தன. சுகந்தி விடாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். புருஷன் அங்கே வரக்கூடாதென்று நீதவான் போட்ட இடைக்காலக் கட்டளை பதினான்கு நாளைக்குத்தான். இன்றைய விசாரணையில் அது நீடிக்காவிட்டால் பின்னேரமே அவன் படலையைத் திறந்துகொண்டு வரலாம். அவனுடைய வீடு, அவனுடைய மனிசி என்று சொல்ல ஊரே இருந்தது.

இந்த நாட்களில் அவள் சோற்றைச் சூட்டோடு தின்றாள். பகல் வெளிச்சத்தில் கிணற்றடியில் நின்று குளித்தாள். நாலைந்து நாள் கழித்து முதுகில் தண்ணீர் பட்டபோது எரியவில்லை. ஒரு காயம் முழுதாக ஆறும்வரை அடுத்த காயம் விழாமல் இருந்தது ஐந்து வருடக் கலியாணத்தில் இதுதான் முதல் தடவை.

கரம்பொனிலிருந்து காலையிலேயே நடந்து வந்துவிட்டாள். வழியில் நேவிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். நீதிமன்ற விறாந்தையில் வின்சன்றோடு கடல்தொழில் செய்யும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"திருக்கை பிடிக்க என்னத்துக்கடா நேவியிட்டைப் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போறியள்? சுகந்தியின்ரை குசினிக்குப் போனால் காணும்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். வின்சன்றும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

அவளுடைய மருந்துச்சாலை அட்டையை வைத்துத்தான் அந்தச் சிரிப்பு. மூன்று திகதிகள், மூன்றுக்கும் நேரே 'திருக்கை முள்' என்று எழுதியிருந்தது. வின்சன்ற் அடிப்பது காய்ந்த திருக்கை வாலால். திருக்கை மீன் மணலுக்குள் புதைந்து கிடக்கும், மிதிக்கிறவரின் காலில் முள்ளை ஏற்றும். முதுகுக்கு வராது. கரையில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். மருந்து கட்டியவளுக்கும் தெரியும். கட்டிவிட்டு, பனடோல் தந்து அனுப்பினாள்.

திருக்கை என்று அங்கே சொன்னவன் அண்ணன் பிலிப்பு. வின்சன்றின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். மூன்று தடவையும் அவளைச் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனதும் அவன்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சட்டத்தரணி நிலாந்தினி கோவையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவர் அடிக்கேக்கை அங்கை வேறை ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை மிஸ்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். அட்டை அவைக்குச் சாதகமா நிக்குது. கண்ட ஒரு ஆள் இருந்தாலும் காணும்."

சுகந்தி நிலத்தைப் பார்த்தாள். விண்ணப்பத்திலும் சாட்சியின் பெயர் கேட்ட இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தாள். "அவ்வளவுதான் மிஸ்" என்றாள்.

உள்ளே வின்சன்றின் சாட்சியாகப் பிலிப்புவைக் கூப்பிட்டார்கள். பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான். அம்மா செத்த வருடம் அவளுக்கு ஆறு வயது. தலை வாரி இழுத்து, சோறு தீத்தி வளர்த்தவன் இவன். இப்போது அவள் பக்கம் திரும்பாமல் கூண்டில் ஏறினான்.

"எங்கை குத்தினது?" நிலாந்தினி கேட்டாள்.

"முதுகிலை."

"முதுகிலை எப்பிடிக் குத்தும்?"

"குனிஞ்சு நிண்டு வலையிலை மீன் தெரிஞ்சவள். மற்றப் பக்கத்தாலை வலையை உதறேக்கை திருக்கை மேலை வந்து விழுந்தது."

"மூண்டு தரமும்?"

"ஓம்."

பின் வாங்கில் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

"நீர் எங்கை நிண்டனீர்?"

"கரையிலைதான். அவள் கத்தின சத்தம் கேட்ட உடனை ஓடிப்போய்த் தூக்கினனான்." பிலிப்பு நீதவானைப் பார்த்துக் கையை விரித்தான். "என்ரை கூடப்பிறந்தவள் ஐயா. அவள் கத்த நான் கேட்டுக்கொண்டு நிப்பனே?"

வின்சன்ற் மேல் சுகந்திக்கு இருந்த ஆத்திரம் பழையது. அதோடு சமைக்கவும் படுக்கவும் அவள் பழகியிருந்தாள். அண்ணன் மேல் இப்போது வந்த ஆத்திரம் அப்படியல்ல. மூன்று பிள்ளைக்காரன், வள்ளத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லாதவன் என்று இவனுக்காகத்தான் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். அதே இடத்தில் ஏறி நின்றுகொண்டு அவன் அவளுடைய கத்தலைப் பற்றிப் பேசுகிறான்.

அவள் எழுந்தாள்.

"பிள்ளை, உமக்கு நேரம் தருவம். இரும்" என்றார் நீதவான்.

"இருக்க ஏலாது ஐயா."

அவளுடைய குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது. எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்தார். பிலிப்பு கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

"குசினிக் கதவுக்கு வெளியாலை பூட்டக் கொண்டி இல்லை ஐயா" என்றாள். "அவர் உள்ளுக்கை நிண்டு அடிக்க, கதவை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டது அண்ணை. மூண்டு தரமும்."