பச்சைத் துணிக்கு முன்னால்

தொலைக்காட்சியின் விண்வெளித் தொடரில் விண்கப்பல் டாக்டராக நடித்து நடித்து அவளுக்குச் சொந்தப் பெயரே மறந்துபோகும் போலிருந்தது. காய்கறிக் கடையில்கூட, "டாக்டரம்மா, இந்த இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்று நெஞ்சைப் பிடித்துக் காட்டுவார்கள். முதலில் சிரித்தாள். பிறகு வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பப் பழகிக்கொண்டாள்.

முதல் வருடம் என்ஜின் மெக்கானிக்காக வந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வாயாடி. அவன் செட்டில் இருந்தால் ஒரே அமர்க்களம்தான். இரண்டாம் வருடம் தொடங்குமுன் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. என்ஜின் வெடித்து மெக்கானிக் செத்தான் என்று கதையை ஒப்பேற்றினார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீடு. அதன்பிறகு அந்த வீட்டில் அவளோடு சண்டை போடக்கூட ஆளில்லை.

எத்தனையோ வருடம் கழித்து இயக்குநர் புதுக் கதையோடு வந்தார். டாக்டர் காலத்தில் பின்னால் போகிறாள், வெடிப்புக்கு முந்தின நாளுக்கு. மெக்கானிக் உயிரோடு நிற்கிறான். நடக்கப்போவதை அவனிடம் சொன்னால் கப்பலே அழிந்துவிடும். அதனால் வாயைத் திறக்காமல் திரும்ப வேண்டும்.

"தம்பியோட பழைய காட்சியில உங்களைச் சேர்த்துடுவோம்," என்றார். "மனசுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க, கதையை மாத்திடறேன்."

"மாத்த வேணாம்," என்றாள். அவனோடு இன்னொரு நாள் வேலை செய்யக் கிடைத்தால் விடுவாளா?

படப்பிடிப்பில் பெரிய பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள்; தம்பியின் பழைய காட்சியைப் பிறகு அந்த இடத்தில் ஒட்டிவிடுவார்கள். தம்பி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சி, அதன் நுனியில் மஞ்சள் பந்து. உதவி இயக்குநர் தம்பியின் வசனத்தைக் கடைக் கணக்கு ஒப்பிப்பதுபோல் வாசித்தார். அவளுக்கு நடிப்பே வரவில்லை.

"அவன் குரலைப் போடுங்களேன்," என்று கேட்டாள்.

சவுண்டுக்காரர் தயங்கினார். "அவர் இந்தப் பக்கம் திரும்பி நிக்கறது ஒரே ஒரு டேக்லதாம்மா. அதுவும் பாதியில கெட்டுப்போன டேக். உங்க குரல் பதிவாகல, அவர் குரல் மட்டும்தான் இருக்கு."

"பரவாயில்ல. போடுங்க."

ஒலிபெருக்கி கரகரத்தது. "டாக்டர், சூடு ஏறிக்கிட்டே போகுது." பிறகு களுக்கென்று சிரிப்பு. "ஐயோ, அடுத்தது மறந்துபோச்சுக்கா! என்னன்னு சொல்லேன்."

அவள் வாய் தானாகத் திறந்தது.

"'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க.' இதுகூடவாடா மறக்கும்?"

"ஆங், அதான்!" என்றது ஒலிபெருக்கி. அன்றைக்கு அவள் எடுத்துக்கொடுத்தபோது வந்த பதில். "கத்தாதக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

ஒலிபெருக்கியில் தம்பி கனைத்துக்கொண்டு, மெக்கானிக்கின் குரலுக்கு மாறினான். "நான் பாத்துக்கறேன். நீங்க போங்க, டாக்டர்."

இந்த இடத்தில் அவள் திரும்பி நடக்க வேண்டும். கால் நகரவில்லை. மஞ்சள் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்த இயக்குநருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒளிபரப்பில் அந்தப் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டார்கள். கடைசி வசனமும் அவள் நின்ற நிலையும் மட்டும் வந்தன. தொலைக்காட்சிக்கு எதிரே தனியாக உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் அணைத்தாள்.

மறுநாள் சவுண்டுக்காரர் போன் செய்தார். "வெட்டினதைப் பத்திரமா வச்சிருக்கேம்மா. அனுப்பட்டுமா?"

அணைந்துகிடந்த தொலைக்காட்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாங்க. இங்க வந்தா நான் அதையே கேட்டுக்கிட்டு உக்காந்துடுவேன். உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள். பிறகு, "ஆனா அழிச்சுடாதீங்க."

போனை வைத்துவிட்டு, துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நல்ல வெயில் அடித்தது.