இடது தோளுக்கான துப்பாக்கி

“உனக்கு வேணும்னு நேத்தே சொல்லியிருந்தா, இதை வாங்க வர்ற அந்தாளை வர வேண்டாம்னு சொல்லியிருப்பேன்ல? இப்பப் பர்லியார் தாண்டிட்டேன்னு போன் பண்றாரு. அவருக்கும் இடது கை. வந்தா விட்டுட்டுப் போக மாட்டாரு.”

ஹன்னா பேசிக்கொண்டே தன் துப்பாக்கியின் குழலில் படிந்திருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தாள்.

“அப்பா வரட்டும்னு இருந்தேங்க்கா” என்றாள் ராஜப்ரியா.

“அம்பது மீட்டர்ல மிளகு மாதிரி இருக்கிற புள்ளியை அடிக்கிற. அப்பா முன்னால வாயைத் திறக்க மாட்டேங்கிற. நல்ல வீராங்கனை போ.”

குன்னூருக்கு மேலே தேயிலைச் சரிவை ஒட்டியிருந்த அந்தத் துப்பாக்கி கிளப்பில் இடது தோளில் வைத்துச் சுடுகிறவள் ஹன்னா ஒருத்திதான். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்ததால் துப்பாக்கியை விற்றுவிட்டுப் போகிறாள். ராஜப்ரியாவுக்குச் சொந்தத் துப்பாக்கி வாங்கும் அனுமதி வந்திருந்தது. எத்தனையோ மாதம் அலைந்து வாங்கிய அனுமதி, ஒரே ஒரு துப்பாக்கிக்கு. அதற்குத் தேவையான போட்டிப் புள்ளிகளை அவள் எடுத்ததே ஹன்னாவின் துப்பாக்கியில்தான். அது அவள் அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா வேலுமணிக்கு அருவங்காடு தொழிற்சாலையில் வேலை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடது கையைச் சோற்றில் வைத்தால், அடிக்காமல் திட்டாமல் அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். வலது கையால் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை விட மாட்டார். கை மாறிவிட்டது. அதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். கண்ணை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. வலது கண்ணால் குறி பார்த்தால் கறுப்பு வட்டம் தண்ணீரில் விழுந்த மை போலக் கரைந்துவிடும். இடது கண்ணுக்கு அது ஆணி அடித்தாற்போல் நிற்கும்.

அவளுக்காக வேலுமணி பார்த்து வைத்திருந்தது கிளப்பின் பழைய உறுப்பினர் அம்புரோஸின் துப்பாக்கி. நல்ல துப்பாக்கிதான். ஆனால் குண்டை உள்ளே தள்ளும் கைப்பிடி அதற்கு வலப்பக்கம். கன்னத்தைப் பதிக்கும் கட்டையும் வலது தோளில் வைப்பவருக்காகச் செதுக்கியது. அதை இடது தோளுக்கு மாற்றினால் கன்னத்துக்கு இடமே இல்லை.

இதையெல்லாம் வாயால் சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை. அதனால் ஒரு யோசனை செய்திருந்தாள். ஆயுத பூசைக்கு அப்பா கிளப்புக்கு வருவார். அவர் கண் முன்னால் இரண்டு துப்பாக்கியாலும் சுட்டுக் காட்டுவது. இரண்டு இலக்கு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சத்தை ஓட்டைகள் சொல்லிவிடும்.

காலையிலிருந்தே மூடுபனி இறங்கியிருந்தது. இலக்கு அட்டைகள் இருக்குமிடம் தெரியவில்லை. அவற்றுக்குப் பின்னால் இருந்த மண் மேடும் தெரியவில்லை. ராஜப்ரியா பாயில் குப்புறப் படுத்து எழுந்தாள், மறுபடி படுத்தாள். ஒரு முறை பனி கொஞ்சம் விலகுவது போல் காட்டி, ஒரு தேயிலைச் செடியின் தலையை மட்டும் காண்பித்துவிட்டு மூடிக்கொண்டது. இந்த வெண்மைக்கு அப்பால் உலகமே இல்லை, யாரோ எழுதாமல் விட்ட பக்கம் இது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றி என்ன பயன்? அட்டை தெரிய வேண்டுமே.

உள்ளே மணி அடித்தது. பூசை தொடங்கிவிட்டிருந்தது.

அவள் போய் நின்றபோது சிவப்புத் துணியின் மேல் கிளப்பின் துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருந்தன. சுண்டலுக்காகவே வருடம் தவறாமல் வருவதாகச் சொல்லிக்கொள்ளும் அம்புரோஸ் தட்டோடு சுவரோரம் நின்றார். அவருடைய துப்பாக்கி மட்டும் தனியாக ஒரு வாழை இலையில் இருந்தது. யார் பேருக்கு என்று பூசாரி கேட்பதும், ராஜப்ரியா, உத்திரட்டாதி என்று அப்பா சொல்வதும் அவள் காதில் விழுந்தன. நிறுத்துங்க என்று சொல்ல அந்த ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அதற்குள் பூ விழுந்துவிட்டது. வேலுமணி தன் விரலாலேயே சந்தனத்தைத் தொட்டு, கன்னக் கட்டையில் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார்.

பேர் சொல்லிப் பூசை போட்ட ஆயுதத்தை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. போன வருடம் பிரேக் சரியில்லாத பழைய ஸ்கூட்டரைக்கூட, பொட்டு வைத்த பிறகுதான் தெரிந்தது என்று வைத்துக்கொண்டார்கள்.

“ஏனுங்க வேலுமணி, நாப்பது வருசம் என் கன்னத்தோட ஒட்டிக் கெடந்த சாமான். என் பொண்டாட்டிகூட அவ்வளவு நேரம் இருந்ததில்ல” என்று அம்புரோஸ் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வேலுமணியின் கண் கலங்கியிருந்தது. நம் வீட்டில் யாரும் எதிலும் போட்டிக்குப் போனதில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி வந்தார்.

“புடி அம்மிணி. உன்னோடது.”

அவள் வாங்கி, பழக்கப்பட்ட பிள்ளையாக வலது தோளில் வைத்தாள். சந்தனம் கன்னத்தில் குளிர்ந்தது. வலது கண்ணால் பார்த்தாள். பனியா, கண்ணா என்று பிரிக்க முடியாத ஒரு வெள்ளை.

“அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குது பாருங்க” என்றார் அப்பா.

வெளியே ஒரு கார் சரளைக் கல்லில் வந்து நின்றது. சன்னல் வழியே ஹன்னா தெரிந்தாள். தன் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவரிடம் ஏதோ சொல்லித் தாமதப்படுத்திக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அந்தத் துப்பாக்கியை எடுத்துத் தன் இடது தோளில் வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

ராஜப்ரியா கையிலிருந்ததை மெதுவாக வாழை இலையில் வைத்தாள். அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடித்தது அவளுடைய இடது கை.

“அப்பா, அவரு எடுத்துட்டுப் போறதுக்குள்ள அந்தத் துப்பாக்கியை ஒரே ஒருக்கா இந்தத் தோள்ல வெச்சுக் காட்டட்டுங்களா?”