பத்து நாள் புட்டி

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: 1979-இல் உத்திரமேரூர் மருந்துக் கடையில் ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரே ஒரு இன்சுலின் புட்டி வாங்கினார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு நான் சும்மா கிடந்த காலம். மீதிக் கதையை நானே கட்டினேன்.

2

முதல் வரி: "காவாந்தண்டலத்தில் பொழுது புலர்ந்தபோது பறவைகள்..."

அடித்துவிட்டேன். சர்க்கரை வியாதிக்காரன் விடிந்ததும் பறவையைப் பார்க்கமாட்டான். ஒதுங்க இடம் பார்ப்பான்.

ஆணுக்குக் கன்னியப்பன் என்று பேர் வைத்தேன். இரண்டு ஏக்கர், மூன்று மாடு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன். பெண் மலர்க்கொடி, அவன் நிலத்துக்கு நடவுக்கு வருகிறவள். இருவருக்கும் சர்க்கரை. தனிப் புட்டி வாங்க இருவருக்கும் வக்கில்லை. ஊசி போடுவது மலர்க்கொடி. மிஷன் ஆஸ்பத்திரி நர்சிடம் கற்றது. புட்டி பம்ப்செட் கொட்டகையில் ஈரமணல் சட்டிக்குள் இருக்கும். இருவருக்குமாகப் பத்து நாள் வரும்.

(அவன் வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர் உண்டு. ஊசி மட்டும் ஒன்றுதான். டம்ளர் விலை குறைவு.)

3

கன்னியப்பனை முதலில் நல்லவனாக எழுதினேன். அவள் பங்கையும் அவனே கொடுத்து... வேண்டாம், ஊரில் சிரிப்பார்கள். கெட்டவனாகவும் எழுதிப் பார்த்தேன். அதற்கு அவனுக்கு மூளை பத்தவில்லை.

ஒரு புட்டி பதினைந்து நாள் வந்தது. கர்த்தரின் கிருபை என்று மலர்க்கொடி முழங்கால் போட்டாள். அடுத்ததும் பதினைந்து நாள். அதற்குள் அவள் கால் கட்டைவிரலில் வந்திருந்த புண் கறுத்துவிட்டது. "பத்து நாளைக்கு இரட்டை அளவு போடு. அப்பவும் ஆறலைன்னா விரலை எடுக்கணும்" என்றாள் நர்ஸ். விரல் போனால் சேற்றில் நின்று நடவு நட முடியாது.

அவள் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று அதுவே சொல்லிவிட்டது. சந்தேகப்பட்டு, கன்னியப்பன் ஒதுங்குகிற வேலியோரம் போய்ப் பார்த்தாள். அங்கே இன்னும் பெரிய கூட்டம்.

4

மறுநாள் புதுப் புட்டி வாங்கி வந்தார்கள். பழையதில் கொஞ்சம் மிச்சம்.

"ஆண்டே, பழச நீங்க போட்டுக்கோங்க. புதுசு எனக்கு, வெரலு ஆறுற வரிக்கும்."

"அது இன்னாத்துக்கும்மே ஆவும்? மூணுல ஒரு பங்கு தண்ணி!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"யாரு ஊத்தனது?"

"நான்தான்... காய்ச்சி ஆற வச்ச தண்ணிதாம்மே! உனக்கும் சேத்துதான் மிச்சம் புடிச்சேன்."

"சொசைட்டி பாலுன்னு நெனச்சிக்கினியா?"

(இந்த இடத்தில் மரியாதை கீழே விழுந்துவிட்டது. எடுத்து வைக்க எனக்கு மனசில்லை.)

"நானும் அதத்தானே போட்டுக்கினேன்? எனக்குந்தான் தலை சுத்திக்கினு கீது."

"தெரியும். உன் எறும்ப நேத்து பாத்துட்டேன்."

"என் எறும்ப நீ இன்னாத்துக்குப் பாக்கற?" அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "பேஜார் பண்ணாத மலரு. எப்பவும் போல பாதிப் பாதி."

"வெரலயும் பாதி வெட்டச் சொல்லவா?"

5

முடிவு ஒன்று: புட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவள் ஓடுகிறாள். அந்தக் காலோடா?

முடிவு இரண்டு: கன்னியப்பன் மனம் திருந்தி ஒரு மாட்டை விற்று... மூன்று நாள் காத்திருந்தேன். விற்கவில்லை.

பால் பணம் வர இன்னும் பத்து நாள். அதுவரை இந்தப் புட்டிதான். அவளுக்கு இரட்டை அளவு என்றால் அவனுக்கு ஒன்றுமில்லை. இப்போதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். அவனுக்கும் கொடுத்தால் அவள் விரல் போகும். இதைக் கட்டியது நான்தான், அவிழ்க்க என்னால் ஆகவில்லை. ஊசியை நீங்கள் பிடியுங்கள். யாருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். பாதிப் பாதி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு அவள் இப்போதுதான் பதில் சொன்னாள்.