கட்டைவிரல்

பெரியவன் அப்பாவின் வலது கட்டைவிரலைத் துண்டால் துடைத்து, மறுபடியும் போன் திரையில் வைத்து அழுத்தினான். போன் ஒரு உதறு உதறிவிட்டு அப்படியே கிடந்தது. விரல் ஜில்லென்றிருந்தது. செத்துக் கிடக்கிற மனுஷனின் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

“இன்னொரு தடவை தப்பாப் போச்சுன்னா பூட்டிக்கும்,” என்றாள் மனைவி. “வண்டிக்காரர் வேற ஹாரன் அடிச்சிட்டே இருக்காரு.”

தங்கையின் எண் எங்காவது இருந்தால் அப்பாவின் இந்தப் போனில்தான் இருக்கும். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொன்னவன் இவன்தான். அவளும் எண்ணை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். அப்பாவின் முகத்தைக் காட்டாமல் அனுப்பிவிட்டால், இனி எந்த ஜென்மத்தில் அவளிடம் பேசுவது?

முன்பு இதே கூடத்தில் ஒரு கறுப்பு போன் இருந்தது. எண் சுற்றும் வட்டில் அப்பா குட்டிப் பூட்டு ஒன்று மாட்டி வைத்திருப்பார். பேச வேண்டுமென்றால் அம்மாவிடம்தான் சாவி வாங்க வேண்டும். யார் என்ன பேசினாலும் வீட்டுக்கே கேட்கும். தெருவிலிருந்த அத்தனை எண்ணும் அவனுக்கு மனப்பாடம். அப்புறம் பொத்தான் போன் வந்தது, கையில் அடங்குகிற போன் வந்தது, ஆளுக்கொன்று ஆனது, ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். இன்றைக்குப் பெண்டாட்டி எண்ணைக் கேட்டால்கூடத் திருதிருவென்று விழிப்பான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்குப் பேசணும்?”

“சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லணும்லம்மா.”

“அதான் எல்லாரும் வந்தாச்சே.”

வாசலில் மறுபடி ஹாரன். அவன் அப்பாவின் கையைத் தூக்கினான்.

“அவர் கையை விடுடா.”

“தங்கச்சிக்கும்மா,” என்றான். “அவளுக்குச் சொல்லாம எப்படித் தூக்குறது?”

அம்மா எழுந்து வந்தாள். “உன் வாயால வரட்டும்னுதான் உக்காந்திருந்தேன். காலமெல்லாம் சிமென்ட் கலந்த கை அது. அதுல ரேகை எங்க இருக்கு? போன் வாங்குன கடையில அவர் விரலை வச்சு வச்சுப் பார்த்தாங்க. கடைசியில என் விரலைத்தான் பதிஞ்சு கொடுத்தாங்க.”

அவள் கட்டைவிரலை வைத்ததும் போன் திறந்துகொண்டது. அப்படியென்றால் அப்பா பேசிய ஒவ்வொரு முறையும் அம்மா பக்கத்தில் இருந்திருக்கிறாள். பேசியவர்களின் வரிசையில் முதலில் ‘பாப்பா’ என்றிருந்தது. நேற்றுகூடப் பேசியிருக்கிறார்கள்.

“நீயே பேசு,” என்று அம்மா போனை அவன் கையில் வைத்தாள்.

மணி போனது. தங்கை எடுத்துவிட்டாள். பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

“என்னப்பா, இன்னைக்கு இவ்வளவு லேட்டு? அந்தக் கடுவன்பூனை வேலைக்குக் கிளம்பிடுச்சா?”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“இல்லடா பாப்பா,” என்றான். “இங்கதான் இருக்கேன்.”

பாத்திரச் சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.