மொட்டையும் கொண்டையும்

பரிமளாவுக்குக் கை உடைந்ததற்கு அந்தப் பளபளப்பான டைல்ஸ்தான் காரணம். திருமயத்தில் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில், மஸ்கட் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. கடைக்காரர் சொரசொரப்பான தரைகள் நாலைந்து காட்டியும், முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று இதைத்தான் பிடிவாதமாக வாங்கினாள். போட்ட பிறகுதான் தெரிந்தது, அதில் முகம் மட்டுமல்ல, வந்து போகிறவர் ஒவ்வொருவருடைய கால்தடமும் அப்படியே தெரியும் என்று. காலையில் ஒருமுறை, சாயந்தரம் விளக்கு வைப்பதற்கு முன் ஒருமுறை என்று துடைத்துத் துடைத்து மாய்ந்தாள். ஒருநாள் தான் துடைத்த ஈரத்தில் தானே வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

செய்தி கேட்டு இரண்டு ஆண்கள் பதறிப்போனார்கள். ஒருவர் கணவர் வசந்தகுமார், மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக். தை மாதம் எடுக்க வேண்டிய லீவை ஐப்பசியிலேயே எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவன் தம்பி ரகுநாத், கீரனூரில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவன். வீட்டைத் தானே கூட்டித் துடைக்கிற ரோபோ ஒன்று வாங்கிவிடலாம் என்று இருவருக்கும் ஒரே யோசனை தோன்றியது. ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. பாசம் பொங்கும்போது ஆண்களுக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்யும்.

ஒரே வாரத்தில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம், இரண்டும் தோசைக்கல் அளவு வட்டம். முன்பக்கம் தூசியை உறிஞ்சும், பின்பக்கம் ஈரத்துணியால் துடைக்கும். வித்தியாசம் என்று பார்த்தால், வசந்தகுமார் வாங்கியதற்கு உச்சந்தலையில் சின்னதாக ஒரு மேடு இருந்தது. அதற்குள் சுழலுகிற கண்ணை வைத்துத்தான் அது சுவர்களை அளந்துகொள்ளுமாம். ரகுநாத் வாங்கியதற்கு அது கிடையாது. பக்கத்து வீட்டு உண்ணாமலை வந்து இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுக்குக் கொண்டை என்றும் இன்னொன்றுக்கு மொட்டை என்றும் பேர் வைத்துவிட்டுப் போனாள். கம்பெனிக்காரன் பெட்டியில் அச்சடித்திருந்த பேர்கள் அன்றோடு ஒழிந்தன.

அக்காவுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும், மற்றதைத் தான் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ரகுநாத் போனில் சொன்னான். அதிலிருந்து வீட்டில் பரீட்சை தொடங்கியது. நிலக்கடலைத் தோல் ஒரு கைப்பிடி, கொல்லையிலிருந்து செம்மண் ஒரு கைப்பிடி, தேங்காய் நார் கொஞ்சம் என்று ஹாலில் ஒரு பங்கும் உள்ளறையில் ஒரு பங்கும் வசந்தகுமார் தூவிவிடுவார். பரிமளா மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போட வேண்டும்.

கொண்டை முதலில் வீட்டைச் சுற்றி வந்து அளந்துகொண்டு, பிறகு உழவு ஓட்டுகிற மாதிரி சால் சாலாகப் போய்வந்தது. மொட்டைக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. கல்யாண வீட்டுக்கு வந்த சித்தப்பா மாதிரி, போகிற வழியில் முட்டினவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு, போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. ஆனால் பீரோவுக்கு அடியில் நுழையக் கொண்டைக்குத் தலை இடித்தது. மொட்டை சுலபமாக நுழைந்து, என்றைக்கோ தொலைந்துபோன தோட்டுத் திருகாணியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தது. கொண்டைக்கு இன்னொரு குறையும் இருந்தது. கண் உச்சியில் இருப்பதால், தன்னைவிடக் குள்ளமாகத் தரையில் எது கிடந்தாலும் அதற்குத் தெரியாது. உட்காருகிற மணைப்பலகையில் டொக் டொக்கென்று முட்டிக்கொண்டே நின்றது. சாமி அறை வாசலில் போட்ட மாக்கோலத்தை மட்டும் இரண்டும் பாரபட்சம் இல்லாமல் இழுகிவைத்தன.

இரண்டும் விட்ட இடத்தை வசந்தகுமார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்புக் கட்டையால் துடைப்பார். அந்த மூலை, அதோ அந்தக் கதவுக்குப் பின்னால் என்று பரிமளா நாற்காலியிலிருந்து சுட்டிக்காட்டுவாள். சுத்தமாக இருக்கிற மூலையைக்கூடக் காட்டுவாள். அவர் மூச்சு வாங்க நிமிர்ந்து, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும்போது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மகள் சிவரஞ்சனி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து காலேஜ் படிக்கிற அளவுக்கு வளர்ந்தாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் இந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் லீவு நாள்தான். விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரி போய்விடுவார். இந்த முறைதான் வீட்டு மனுஷராக வாளியும் துணியுமாகத் திரிகிறார். கை உடைந்ததற்காக அவள் ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை.

போன தடவை கிளம்பும்போது, அடுத்த தடவையோடு சரி, இங்கேயே ஒரு ஏ.சி. சர்வீஸ் கடை போட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று சொன்னார். அதற்கு முந்தின தடவையும் அதையேதான் சொன்னார். இந்தத் தடவை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இனிமேல் இங்கேயே இருக்கப்போகிறவர் எதற்காக வீடு துடைக்க மெஷின் வாங்குகிறார் என்று அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. தன் இடத்துக்கு ஒரு ஆளை அமர்த்திவிட்டுப் போகத்தான் இவ்வளவு பரீட்சையும். அது தெரிந்த பிறகு இரண்டு மெஷினிலும் அவள் கண்டுபிடிக்காத குற்றமில்லை. ஒன்று சத்தம் போடுகிறது என்றாள். ஒன்று சத்தமே இல்லாமல் காலடியில் வந்து பயமுறுத்துகிறது என்றாள்.

லீவு முடியப்போகிற வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அன்று சாயந்தரம் வசந்தகுமார் தீர்ப்புச் சொன்னார். கொண்டைதான் நல்லது, மொட்டை ரிமோட்டுக்கு மட்டும்தான் கட்டுப்படும், வீட்டுக்குள் ஆள் இருந்து அமுக்க வேண்டும்.

“கொண்டைன்னா நான் அங்கிட்டு இருந்தே போன்ல ஓட்டிருவேன். நீ குனியவே வேணாம்” என்றார்.

பரிமளா பிரித்த கையை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க அங்கிட்டு இருந்து ஓட்டணும்னா கொண்டை வேணும். இங்கிட்டு இருந்து ஓட்டணும்னா மொட்டையே போதும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

அவர் வாளிப் பக்கம் குனிந்தார். மாப்புத் துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது மொட்டையைக் காணோம். கீரனூர் போகிற ஆளிடம் ரகுநாத்துக்குக் கொடுத்துவிட்டதாக, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் சரி என்றாள். பதில் தெரிந்துவிட்டது, இனி அழுது என்ன ஆகப்போகிறது என்று சமையலறைக்குள் போய் அழுதாள்.

மறுநாள் காலை குளித்து, இட்லி சாப்பிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குக் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றுவிட்டு அவள் உள்ளே வந்தாள். வந்த நேரம், ஹாலில் கொண்டை ஒரு மணியடித்து, இங்கிலீஷில் ஏதோ அறிவித்துவிட்டு, வாசற்படியிலிருந்து கூட்டத் தொடங்கியது.

ஊருக்குப் போகிறவர் போய்ச் சேருகிறவரை வீட்டைக் கூட்டமாட்டார்கள். கூட்டினால் போனவர் திரும்பி வருகிற வழியையே கூட்டித் தள்ளினதாக ஆகிவிடும். பரிமளாவுக்கு அப்படியொன்றும் பெரிய சாஸ்திரப் பித்து கிடையாது. வெள்ளிக்கிழமையே தலைவாரித் தலைமுடியைக் கூட்டித் தள்ளுகிறவள்தான். ஆனால் இன்றைக்கு, இந்த மனுஷர் விஷயத்தில், அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பாய்ந்துபோய் மெஷினை இரண்டு கையாலும் வாரி எடுத்து, சோபாவில் விழுந்து, மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டாள். கவிழ்த்துப் போட்ட வண்டு மாதிரி அது சக்கரத்தை உதைத்துக்கொண்டு முனகியது. கட்டுப் பிரித்த மணிக்கட்டு சுரீர் என்றது.

போன் அடித்தது. வசந்தகுமார் காரிலிருந்து பேசினார்.

“கொண்டையை யாரோ தூக்கிட்டாங்கன்னு போன்ல வருது. நீயா தூக்குன? கை என்னத்துக்கு ஆகும், எறக்கி வை.”

“நீங்க இன்னும் பைபாஸ்கூட ஏறியிருக்க மாட்டீங்க. அதுக்குள்ள வாசலைக் கூட்டுது ஒங்க மெஷினு.”

தினமும் பத்து மணிக்குத் தானாகக் கிளம்பச் சொல்லி வைத்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

“நிறுத்திட்டேன் பரிமளா. இனிமே நான் சொல்லாம அது அசையாது.”

போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சாப்பிட்டீங்களா என்று வந்தது. அவள் கையால் சுட்ட இட்லியைத் தின்றுவிட்டு அரைமணி நேரம்கூட ஆகாத மனுஷர், சாப்பிட்டேன் என்று பணிவாகச் சொன்னார்.

போனை வைத்த பிறகு பார்த்தாள். வாசற்படியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தரை கண்ணாடியாகக் கிடந்தது. கொண்டை கூட்டிவிட்ட இடம். அவளுக்கு மனசு ஆறவில்லை. மெஷினின் வயிற்றைத் திறந்து குப்பைப் பெட்டியை உருவினாள். உள்ளே கொஞ்சம் செம்மண்ணும் ஒரு நூல் பிசிறும் இருந்தன. அதை எந்த இடத்தில் எடுத்ததோ அதே இடத்தில் பார்த்துப் பார்த்துக் கொட்டி, விரலால் பரப்பிவிட்டாள். நல்லவேளை, உண்ணாமலை அந்த நேரம் எட்டிப்பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரிமளாவுக்கும் ஒரு பேர் கிடைத்திருக்கும்.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சாயந்தரம் போன் வந்தபோது வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகும் கூட்டக்கூடாது. மறுநாள் கொண்டை அசையவில்லை. ஏன் ஓட்டவில்லை என்று கேட்டதற்கு, ரெண்டு நாள் பொறு, ஆபீஸில் ஒரு வேலை இருக்கிறது என்றார். ஒரு பட்டனை அமுக்க நேரமில்லாத அப்படி என்ன வேலை என்று அவளுக்குக் கோபம் வந்தது. தானே விளக்குமாறை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. காரணம் தரையில் இருந்தது. கிளம்புகிற அன்று குளித்துவிட்டு ஈரக்காலோடு ஹாலைக் கடந்து போயிருக்கிறார். குளியலறை வாசலிலிருந்து படுக்கையறைவரை அவருடைய தடங்கள் காய்ந்து, வெயில் விழும்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யாருடைய கால்தடத்தையும் பொறுக்காதவள், இரண்டு நாளாக அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள் காலை கொண்டை மணியடித்தது. பரிமளா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அது ஹாலைத் தொடவில்லை. கூட்டாமல், துடைக்காமல், சொல்லிவைத்த மாதிரி நேரே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. டொக் என்று ஒரு சத்தம். பின்வாங்கி மறுபடியும் டொக். மணைப்பலகையை அங்கே யார் போட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்று மூட்டையாகக் கிடந்தது. அவர் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டார் என்று அவள் நினைத்திருந்த கைலி. இழுத்துப் பிரித்தாள். உள்ளே மொட்டை இருந்தது. தலையில் ரிமோட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே போன் போட்டாள்.

“கெடைச்சுதா?” என்றார் எடுத்ததும்.

“ரகுநாத்துக்குக் கொடுத்துவிட்டேன்னீங்க.”

“அவனுக்குத் தெரியும், அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வச்சேன். வேலைய விட்டுர்றேன்னு எழுதிக் குடுத்ததுல மேனேஜரு இப்பத்தான் கையெழுத்துப் போட்டாரு. சித்திரையோட என்னைய விடுறாங்க. ரெண்டு தடவ சொல்லி ஒன்னைய ஏமாத்திட்டேன். மூணாவது தடவையும் வெறும் வாயால சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு. சித்திரை வரைக்கும் கொண்டை. அப்பறம் மொட்டை. நீ சொன்னதுதான்” என்றார்.

பரிமளா மொட்டையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே முந்தானையால் மொட்டையின் மேலிருந்த தூசியையும் துடைத்தாள். இவர்மேல் வந்த கோபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அவ்வளவு ஆசையாக இருந்தது.

“அழுவுறியா?”

“இல்ல. தூசி. வீடு கூட்டி மூணு நாளாச்சுல்ல.”

“ஹால்லயும் ஓட்டட்டுமா?”

அவள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் அவருடைய காலடிகள் குளியலறையிலிருந்து வரிசையாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன.

“ஓட்டுங்க” என்றாள்.

கொண்டை கட்டிலடியிலிருந்து வெளியே வந்து, ஹாலில் சால் பிடித்தது. பரிமளா அறை வாசலில் மொட்டையோடு உட்கார்ந்து, அந்தத் தடங்கள் ஒவ்வொன்றாக அழிவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.