மூக்கம்மாவின் மூன்று பட்டைகள்

சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு மூக்கம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பீப்பாய் எண்ணெய்கூடக் காய்ச்சப் போகாது. பதினெட்டு வருஷம் இப்படிக் கோலோச்சியவளுக்கு, மேனேஜரின் மச்சினி புதிதாக வேலைக்கு வந்து தொண்டையில் சிக்கிய முள்ளானாள்.

"அக்கா, இந்த எண்ணெயில வேர்வை நாத்தம் அடிக்குது," என்றாள் அவள், மூன்றாவது தடவையாக.

மூக்கம்மா மோந்தாள். ஒன்றுமில்லை. தன் நாற்காலிக்கு அடிபோடுகிறாள், வேறென்ன! "யாரு மூக்கு பொய் சொல்லுதுன்னு பாத்துடலாம் வா," என்று ஆய்வகத்துக்கு இழுத்துப் போய் இருவரின் எச்சிலையும் மரபணுச் சோதனைக்குக் கொடுத்தாள்.

முடிவு வந்தது. ஆய்வக அம்மாள் மூக்கம்மாவிடம் பக்குவமாகச் சொன்னாள். "அந்த வேர்வை வாடையைப் பிடிக்கறதுக்குன்னு மூக்குல ஒரு புரதம் இருக்கு. அதைச் செய்யற மரபணு உங்களுக்கு அம்மா கொடுத்ததும் பழுது, அப்பா கொடுத்ததும் பழுது. மத்த வாசனையெல்லாம் நல்லாவே தெரியும். இது மட்டும் தெரியாது."

"எச்சில் மாறியிருக்கும்," என்றாள் மூக்கம்மா. மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். மேனேஜர் நினைத்தால் எதுதான் நடக்காது?

யாரையும் நம்பாமல் தானே சோதனை வைத்தாள். மூன்று காகிதப் பட்டைகள். இரண்டில் நல்ல எண்ணெய், ஒன்றில் அந்த எண்ணெய். அதன் அடியில் மட்டும் பென்சில் புள்ளி. மச்சினி சரியாக எடுத்தாள். புள்ளியைப் பார்த்திருப்பாள் கள்ளி! அவள் கண்ணைக் கட்டினாள். அப்போதும் எடுத்தாள். தன் முகத்தைப் படிக்கிறாளோ என்று, கண் கட்டப்பட்டவள்மேலேயே சந்தேகம் வந்தது. பட்டைகளை முதுகுக்குப் பின்னால் கலைத்து, எது எதுவென்று தனக்கே தெரியாமல் நீட்டினாள். பத்துத் தடவை நீட்டினாள். பத்தும் சரி.

மூக்கம்மா பட்டைகளைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நீங்க கை தொடைக்கற துணியிலயே அந்த வாடை ஊறிக் கெடக்குக்கா." மச்சினி கண்கட்டை அவிழ்க்கவில்லை. "மாமா ரெண்டு தடவை கேட்டாரு, அந்தம்மா மூக்குக்கு என்ன ஆச்சுன்னு. ஜலதோஷம்னு சொல்லி வச்சேன்."

மூக்கம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துணியை எடுத்து மூக்கில் அழுத்தி நெஞ்சு நிறைய இழுத்தாள். ஒன்றுமே இல்லை.

அந்த எண்ணெய்க்கான தாளில் 'திருப்பி அனுப்பவும்' என்று எழுதினாள். மச்சினியின் கண்கட்டை அவிழ்த்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"நீயும் கையெழுத்துப் போடு. என் பேருக்கு மேல போடு."