சாக்பொடியில் ஒரு கோடு

போஹ்தான் தன் நெடுங்கோடாரியை மேசைமேல் கிடத்திவிட்டு, "சீக்கிரம் பாத்துக் குடுக்கா, பசியில உயிர் போவுது" என்றான். வாயில் பாதி சாசேஜ் இருந்தது. இடுப்புக்குக் கீழே இரும்புக் கவசம், மேலே வியர்வையில் ஊறிய பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. நாற்பத்தைந்து வயது ஆள், முதல் நாள் அடியில் வீங்கிய இடது காதோடு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"மாமியாருக்கு என்ன குறைச்சல்? நேத்து நாலு பேரைச் சாய்ச்சிருக்கா" என்றாள் அவன் அக்கா மிலாதா. அந்தக் கோடாரிக்கு மாமியார் என்று பெயர் வைத்தவன் அவன்தான். சத்தமே வராமல் இடிக்குமாம்.

கோட்டைக்குக் கீழே இருந்த புல்வெளியில், பழங்காலப் போர்வீரர்கள் போலக் கவசம் பூண்டு அணி அணியாக மோதும் போட்டி நடக்கும் இரண்டு நாளும் ஆயுதச் சோதனை மேசை மிலாதாவுடையது. ஊர் எல்லையில், பழைய பால் பண்ணைக் கொட்டகையில் உலை வைத்திருக்கிறாள். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட மரக் கழி, அதன் தலையில் கோடாரி அலகு, பின்பக்கம் கொக்கி. அலகின் விளிம்பு நாணயத்தைவிடத் தடிமனாக, மழுங்கி இருக்க வேண்டும். வெட்டக் கூடாது, ஆனால் கவசத்துக்குள் இருப்பவனைக் கீழே தள்ள வேண்டும். வரிசையில் நின்ற ஆயுதங்களில் பாதிக்கு மேல் அவள் அடித்தவை, அலகின் ஓரத்தில் சின்ன மீன் முத்திரை போட்டவை. சமைத்தவளே ருசியும் பார்க்கிறாள் என்று முதல் வருடம் கேலி பேசினார்கள். அவள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை என்று தெரிந்த பிறகு கேலி அடங்கிவிட்டது.

பிசிறு இருந்த இரண்டு இடங்களை அரத்தால் தேய்த்தாள். கழியை விரல் கணுவால் தட்டிக் கேட்டாள். பிறகு, கழியைச் செருகும் இரும்புக் குழலோடு அலகு சேரும் கழுத்தில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பொடியைத் தூவினாள். இரும்பில் விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளையை நனைக்கும். எல்லோருடையதற்கும் செய்வதுதான். கை தானாகச் செய்துகொண்டிருந்தது. பொடியை ஊதிவிடக் குனிந்தபோதுதான் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு, தலைமுடி போல ஒரு கோடு.

கீறலாக இருக்கும் என்று துடைத்தாள். மறுபடி எண்ணெய், மறுபடி பொடி. கோடு அதே இடத்தில் மெல்ல எழுந்து வந்தது.

போஹ்தான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற லெஷெக்கோடு வம்பு பேசிக்கொண்டிருந்தான். போலந்து அணித் தலைவன் லெஷெக், சாயங்காலம் அவனோடு மோதப்போகிறவன். இருவரும் ஆளுக்குப் பாதி மொழி பேசி எப்படியோ முழுசாகத் திட்டிக்கொள்வார்கள். இது போஹ்தானின் கடைசி மோதல். முழங்கால்கள் போய்விட்டன என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவியும் இரண்டு பெண்களும் படுக்கை விரிப்பில் அவன் பெயரை எழுதி வேலியில் கட்டியிருந்தார்கள். எழுத்து கொஞ்சம் கோணல். அங்கிருந்தே கை ஆட்டினார்கள். மிலாதாவும் ஆட்டினாள்.

துணி கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் கோடு போய்விடும். இரும்பு இன்றைக்குத் தாங்கும், அனேகமாக ஒரு வருடம்கூடத் தாங்கும். அப்படித் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் வேறு ஒரு ஊரில், வேறு யாரோ செய்த கோடாரியின் தலை கழன்று பறந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குச் சற்றுத் தள்ளிப் புல்லில் குத்தி நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும்தான். மிலாதாவுக்கு அன்றைக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

"இது உள்ள போகாது" என்றாள்.

"எது?"

"மாமியார். கழுத்துல விரிசல்."

அவன் குனிந்து பார்த்தான். சாசேஜ் மணம் முகத்தில் அடித்தது. "கீறல்க்கா இது."

"கீறலா இருந்தா எண்ணெய் கசியாது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு ஒரு நாள். நாளைக்கு உலையில போட்டு உருக்கிக்கோ, நான் ஏன்னு கேக்க மாட்டேன். எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அந்தத் துணியால ஒரு தரம் துடைச்சிருக்கக் கூடாதா?"

"துடைச்சேன். திரும்பி வந்துச்சு."

போஹ்தான் அவளையே பார்த்தான். மிலாதா சிவப்பு நாடாவைக் கிழித்துக் கழுத்தில் சுற்றினாள். சிவப்பு நாடா விழுந்த ஆயுதம் களத்துக்குள் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"உன் பேரு கெடும்னுகூடத் தோணலையா உனக்கு?" என்றான்.

"தோணுச்சுடா."

லெஷெக் தன் தோளில் சாய்த்திருந்த இரண்டு கோடாரிகளில் ஒன்றை எடுத்து நீட்டினான். "இதை வெச்சுக்க. எங்க ஊர்க்காரன் அடிச்சது, கொஞ்சம் கனம். என்னை அடிக்க நானே குடுக்கறேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா."

மிலாதா அதையும் சோதித்தாள். குறை ஒன்றும் இல்லை, நல்ல வேலை. கழுத்தில் உள்பக்கமாக ஒரு பட்டை கூடுதலாக வைத்துப் பற்றவைத்திருந்தான் அந்த ஆள். பச்சை நாடா சுற்றிக் கொடுத்தாள். போஹ்தான் அதை வாங்கிக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனான்.

அடுத்து வந்தவள் ஹெட்விகா. பெண்கள் அணியில் முன்வரிசை, கதவு அகலத் தோள். தன் கோடாரியைக் காலையிலேயே காட்டிப் பச்சை நாடா வாங்கியிருந்தாள். "இன்னொரு தரம் பாத்துடு" என்று மீன் முத்திரை மேலே தெரியும்படி வைத்தாள். "கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்க என்ன இருக்கு?"

எண்ணெய், துணி, பொடி. இந்த முறை மிலாதா கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஹெட்விகா மூச்சை விடப்போன நேரத்தில், அதே இடத்தில், அதைவிடச் சின்னதாக ஒரு கோடு தலைகாட்டியது. காலையில் இதே கோடாரியை இதே கையால் பார்த்துத்தான் விட்டாள். பொடி போட்டவுடன் ஊதிவிட்டிருக்கிறாள். வரிசை நீளம் என்று அவசரம்.

ஒன்று என்றால் தேய்மானம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில் என்றால் அது கோடாரியின் குற்றம் இல்லை, அவள் பற்றவைக்கிற விதம். இத்தனை வருடமும் அதே கழுத்தை அதே மாதிரிதான் பற்றவைத்து வந்திருக்கிறாள். நார்வேயில் ஒருவனிடம் இருக்கிறது. ஸ்பெயினில் ஒரு அணி முழுவதும் வைத்திருக்கிறது. அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குழப்பம் இல்லை, அதுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது. எழுந்து நின்றாள்.

"மீன் போட்டது யார்கிட்ட இருந்தாலும் கொண்டாங்க" என்று உரக்கச் சொன்னாள். "பச்சை நாடா இருந்தாலும் கொண்டாங்க. காலையில நான் சரியாப் பாக்கல."

கொண்டுவந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவன் தரையில் போட்டுவிட்டுப் போனான். ஹெட்விகா போகாமல் அவற்றைப் பொறுக்கி மேசையில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள். சிவப்பும் பச்சையுமாக நாடா தீர்ந்துகொண்டே வந்தது. களத்தில் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் எழுந்தபோது மிலாதா தலையைத் தூக்கவில்லை. கூட்டம் போஹ்தானின் பெயரைச் சொல்லிக் கத்தியது, பிறகு ஓவென்றது, மறுபடி கத்தியது. அவள் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் சாயும் நேரத்தில் மேசையின் மேல் ஒரு நிழல் விழுந்தது. போஹ்தான். தலைக்கவசம் இன்னும் தலையில். நாடியின் கீழ் தோல்வார் இறுகியிருந்தது. விரல்கள் வீங்கி வாழைப்பூ மொட்டுப் போல மடங்காமல் நின்றன. அவள் முன்னால் குனிந்தான்.

மிலாதா எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாரை நெகிழ்த்தினாள். நனைந்த தோல் லேசில் விடவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"தோத்துட்டியா?"

"விழுந்தேன். எந்திரிச்சேன். அவனையும் இழுத்துக்கிட்டு விழுந்தேன்." உள்ளிருந்து குரல் தகரப் பீப்பாய்க்குள் பேசுவது போல வந்தது. "லெஷெக் குடுத்த கோடாரி நல்லாத்தான் இருக்குக்கா" என்றான்.

"தெரியும். பாத்தேன்."

"எத்தனை சிவப்பு?"

மேசையைக் காட்டினாள். அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான், எண்ணவில்லை. வார் விட்டது. இரண்டு கையாலும் கவசத்தைத் தூக்கி எடுத்தாள். அக்டோபர்க் குளிரில் அவன் தலையிலிருந்து ஆவி பிரிந்தது. இட்டலிப் பானையைத் திறந்தது போல, வெள்ளையாக, நேராக மேலே எழுந்தது. அவன் மேசைக் காலில் முதுகைச் சாய்த்துப் புல்லில் உட்கார்ந்து கால்களை நீட்டினான். கவசத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு அடங்கின. மிலாதா அடுத்த அலகை இழுத்து வைத்தாள். கீழே, அவன் தலையிலிருந்து ஆவி இன்னும் எழுந்துகொண்டே இருந்தது.